கராஜ் கதவில் ஒரு கோடு

அம்மாவின் தம்பி, என் மாமா, கனடாவில், மில்லிக்கன் என்ற இடத்தில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். கிழமை முழுக்கத் தொழிற்சாலை; நிலவில்லாத சனிக்கிழமைகளில் வானம். வேட்டைக்காரன் எனப்படும் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் புகைபோலத் தெரியும் நெபுலாவை ஒழுங்காகப் படம்பிடித்தே தீருவேன் என்று அந்தக் குளிர்காலம் ஒற்றைக்காலில் நின்றார். அப்பாவின் காரில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரையும் தாண்டி, விளக்கே இல்லாத ஒரு வயலோரத்துக்குப் போவோம். கதவுக்குப் போடுவதுபோல் பிணைச்சல் போட்டு இணைத்த இரண்டு பலகைகள்; மேற்பலகையில் கமெரா. நட்சத்திரத்தோடு கமெராவும் நகர்வதற்கு, அடியிலுள்ள திருகாணியை நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மணிக்கூடு பார்த்து நிமிடம் சொல்வது பத்து வயதான என் உத்தியோகம். நான் இருமினாலும் மாமா எரிந்து விழுவார்.

புறப்படுமுன், வெளிச்சத்திலேயே பிலிம் றோலின் முதல் படத்தை எடுத்தாக வேண்டும்.

"இல்லாட்டி படம் கழுவுற கடைக்காரனுக்கு எல்லாம் இருட்டாத்தான் தெரியும். எது எங்கை துடங்குதெண்டு தெரியாமல் நெபுலாவை நடுவாலை வெட்டிப்போடுவான்" என்பார்.

அந்த முதல் படம் எப்போதும் நான்தான். கராஜ் கதவில் சோக்குக்கட்டியால் அடியும் அங்குலமும் குறித்து, பக்கத்தில் என்னை நிறுத்துவார்.

அந்தப் படம் யாழ்ப்பாணத்துக்குப் போகும். அங்கே மாமியும், அவர்களுடைய மகள், என்னைவிட ஒரு மாதம் இளைய மச்சாளும் கனடா வரக் காத்திருந்தார்கள். மாமா புறப்படும்போது மச்சாளுக்கு இரண்டு வயது. மாமி அவளை அளந்து, என் படத்தில் அதே உயரத்தில் பேனையால் ஒரு கோடு கீறித் திருப்பி அனுப்புவார். வந்து சேர மாதக்கணக்காகும். அந்தக் கோட்டைப் பார்த்து மாமா அவளுக்குச் சட்டை வாங்குவார். என்னைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, கழற்றி மடித்து வைத்துவிடுவார். எனக்கு வயிறெரியும்.

கோடு முதலில், என் எட்டு வயதில், என் தோளில் இருந்தது. இரண்டு வருடத்தில் காதுக்கு வந்து, பிறகு புருவத்தைத் தொட்டது: நாலடி மூன்று அங்குலம். நேரில் கண்டிராத ஒருத்தி என்னைத் துரத்துகிறாள் என்று பட்டது. அடுத்த படத்துக்கு, பனிச் சப்பாத்துக்குள் குதிக்காலை உயர்த்தி நின்றேன்.

அந்தப் படம் திரும்பி வரவில்லை. ஒருநாள் அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அப்பா என்னை வெளியே கூட்டிப்போய் டோனட் வாங்கித் தந்தார். கிழமைநாளில் டோனட் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம். சண்டையால் பாதை பூட்டியாயிற்று, இனிக் கடிதம் வராது என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் மாமா புறப்பட்டார். வேண்டாமென்று அம்மா மறித்துப் பார்த்தார், கேட்கவில்லை. வயலோரத்தில் நான்காவது நிமிடம் சொன்னபிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, கோடு வரேல்லை. அப்ப நான்தானே வெண்டது?"

திருகாணியில் இருந்த கை நின்றது. "அஞ்சு" என்றேன். "ஆறு" என்றேன். கை அசையவில்லை. குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஓம் பிள்ளை" என்றார் கடைசியில். "நீ வளந்திட்டாய்."

இருமலுக்கே ஏசுகிறவர், படத்தைக் கெடுத்ததற்கு ஒரு சொல் சொல்லவில்லை. நான் வென்றதற்கு அதுவே அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டேன். கழுவி வந்த படத்தில் நட்சத்திரங்களெல்லாம் இழுபட்டுக் கிடந்தன.

அதன்பிறகு மாமா வானத்தைப் படம்பிடிக்கவில்லை. ஆனால் வருடத்தில் ஒருமுறை கமெராவோடு வந்து, "ஒருக்கா வந்து நில்லம்மா" என்பார். நானும் சலித்துக்கொண்டே கராஜ் கதவடியில் போய் நிற்பேன்.

மச்சாள் காய்ச்சலில் இறந்த செய்தி அந்த டோனட் நாளில்தான் வந்தது என்று வளர்ந்தபிறகு அம்மா சொன்னார். மாமா காலமானபின் அவருடைய பெட்டியில் அந்தப் படங்களைக் கண்டெடுத்தேன். படத்துக்குப் படம் நான் வளர்ந்துகொண்டே போகிறேன். மாமி கீறாத கோட்டை மாமாவே கீறியிருந்தார், ஒன்றுவிடாமல், நாலடி மூன்று அங்குலத்தில்.