ஹிர்பாவில் நான் நிறுத்திய இடம்

மேதியரும் பெர்சியரும் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும்போது இரண்டு பேரும் ஜோடியாகத்தான் வருவார்கள், இட்லியும் சட்னியும் போல. ஒரே சாதிசனம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்கள் என்பது ஐம்பத்திரண்டு வயதில், திருமங்கலத்தில் ஒரு கல்லூரி அறையில், பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. பரீட்சை என்னுடையது இல்லை. கை மட்டும்தான் என்னுடையது.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். கண் தெரியாதவர்கள் பரீட்சை எழுதும்போது, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். அந்த ஆள் பரீட்சை எழுதுபவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும், அந்தப் பாடமும் தெரிந்திருக்கக் கூடாது. இரண்டு தகுதியும் எனக்குத் தாராளமாக உண்டு. பிளஸ் டூவோடு நின்றவள்; கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். யார் வந்து கேட்டாலும் எங்கள் ஹெட்மாஸ்டர் என்னைக் கைகாட்டிவிடுவார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது புலம்பித் தீர்ப்பேன்.

அப்படித்தான் அந்த பாய்க்கும் எழுதப் போனேன். கோரிப்பாளையத்துக்காரர், அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. தபால்வழியில் எம்.ஏ. வரலாறு படித்தார். எல்லாத் தாளையும் முடித்துவிட்டார், பண்டைய உலக வரலாறு மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. இதிலும் போனால் மறுபடி முதல் வருஷத்திலிருந்து சேர வேண்டும்.

திருமங்கலம் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன், இந்த வயதில் எதற்கு இவ்வளவு கஷ்டம் என்று. என் அலுப்பில் கேட்டது அது.

“எம்.ஏ. முடிச்சு என்ன ஆகப்போகுதுன்னு வீட்லயும் கேக்குறாங்க டீச்சர். ஒண்ணும் ஆகாது. ஆபீஸ்ல இருவது வருசமா எல்லாருக்கும் நான் போன் பாய். எனக்குள்ளயாவது வேற ஒண்ணா இருந்துட்டுப் போறேனே.”

“நான் டீச்சர் இல்ல பாய், கிளார்க்.”

“மிஷன் ஸ்கூல்ல இருந்து வாரீங்க. எனக்கு டீச்சர்தான்.”

அது ஜூன் மாதம், அட்மிஷன் நேரம். அந்த வாரம் முழுக்க ரிஜிஸ்டரில் பிள்ளைகள் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி எழுதி, சனிக்கிழமை சாயங்காலம் சோறு பிசையவே விரல் மடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு இந்தப் பரீட்சைக்கு வந்திருந்தேன். எங்களுக்குத் தனி அறை, ஒரு சூப்பர்வைசர், சுற்றிக்கொண்டே காற்றுத் தராத ஒரு ஃபேன். மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம், எங்களுக்கு நான்கு. பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை.

ஐந்து கேள்வி எழுத வேண்டும். மேதியருக்கு எதிராகப் பாரசீகர், அதாவது வேதத்தில் வரும் அந்தப் பெர்சியர், செய்த கிளர்ச்சியில் முதல் போரைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. நான் வாசித்ததும் பாய் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். “இது நமக்குப் பாயசம் டீச்சர். கடைசில வச்சுக்குவோம்.” இந்தப் போரைப் பற்றி அவருடைய மகள் வாசித்துப் பதிவு செய்துகொடுத்ததைப் போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. கடைசியில் வைத்ததுதான் தப்பு. நான்கு கேள்வி முடியும்போது மணி ஒன்று. கட்டைவிரலுக்குக் கீழே தொடங்கிய வலி முழங்கைவரை ஏறியிருந்தது.

பாய் ஆரம்பித்தார். மேதிய அரசனின் அரண்மனையில் பணிவிடை செய்துவந்த பாரசீக இளைஞன் ஒருவன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போக அனுமதி கேட்கிறான். எங்கள் ஆபீஸிலும் லீவு லெட்டரில் இதே காரணம்தான். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அனுப்பிவைத்த பிறகு அரசனுக்குச் சந்தேகம் தட்டுகிறது. கூட்டிவா, வரமாட்டேன் என்றால் தலையைக் கொண்டுவா என்று முந்நூறு குதிரைவீரர்களை அனுப்புகிறான்.

அதுவரை பரீட்சைத் தமிழில் சொல்லிவந்த பாய் இங்கே தன்னை மறந்துவிட்டார். “அவென் மொகத்தைச் சுளிக்கல டீச்சர். ‘வாரேன் அண்ணே, காலைல போவம், இப்ப சாப்புடுங்க’ன்னு சொல்லி, கறியும் கள்ளுமா ஊத்தி, முந்நூறு பேத்தையும் மட்டையாக்கிட்டான். ராவோட ராவா ஹிர்பாங்கிற ஊருக்கு ஓட்டம். அங்க, பாரசீகத்துக்கு அதிகாரியா இருந்த அவுக அப்பா அனுப்பின படை நிக்கிது. இத இப்புடியே எழுதிராதீங்க. நல்ல தமிழ்ல எழுதுங்க, உங்களுக்குத் தெரியும்.”

நல்ல தமிழில் எழுதினேன். போதை தெளிந்த குதிரைவீரர்கள் துரத்திக்கொண்டு வந்ததையும், ஹிர்பாவில் அவர்களில் பெரும்பாலோர் வெட்டுப்பட்டு விழுந்ததையும், தப்பியவர்கள் போய்ச் சொன்னதும் அரசன் தொடையில் அடித்துக்கொண்டு புலம்பியதையும் எழுதினேன். சண்டை முடிந்தது, பையன் ஜெயித்துவிட்டான், கதை தீர்ந்தது என்று மூச்சு விட்டேன்.

பாய் நிறுத்தவில்லை. “இனிமேத்தான் விசயமே,” என்றார். இந்தப் போரைச் சொல்வது ஒரே ஒரு பழங்கால நூலாசிரியர். அவர் எழுதிய புத்தகம் தொலைந்துவிட்டது. பின்னால் வந்த இன்னொருவர் அதிலிருந்து எடுத்துச் சொன்னதில் மிஞ்சிய துண்டுதான் நம் கையில் இருக்கிறது. மற்றவர்கள் இந்தக் கிளர்ச்சியை வேறு மாதிரி சொல்கிறார்கள். ஆகவே ஹிர்பாவில் சண்டை நடந்ததா என்பதே சந்தேகம். அப்படியானால் ஏன் இதைப் படிக்கிறோம்? பாய் அதற்கும் பதில் சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் என் கை ஒடிய ஒரு சண்டையை எழுதவைத்துவிட்டு, அது நடந்ததே சந்தேகம் என்றால் என்ன அர்த்தம்? இதை எந்த வாத்தியார் உட்கார்ந்து படிக்கப்போகிறார் என்று நினைத்தேன். “இவ்வாறு பாரசீகர் முதல் வெற்றியைப் பெற்றனர்” என்று நானாக ஒரு வரி எழுதி, அடியில் கோடு போட்டேன்.

பாய் பேனாச் சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்வார். சத்தம் நின்றால் அவரும் நிற்பார். அதனால் பேனாவை நான் நிறுத்தவில்லை. கேள்வித்தாளின் பின்பக்கத்தில் வெறும் கோடாக இழுத்துக்கொண்டிருந்தேன். கோடு இழுக்க விரலை மடக்க வேண்டியதில்லை. சூப்பர்வைசர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் பாய் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினார், நான் இழுத்தேன்.

“எல்லாம் வந்துருச்சா டீச்சர்?”

“வந்துருச்சு பாய்.”

தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். பரீட்சை ஹாலில் நான் செய்தது ஏமாற்று என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. கை வலி போனதுதான் பெரிதாக இருந்தது.

ரிசல்ட் வந்தபோது நாற்பத்தாறு. பாஸுக்கு ஐம்பது வேண்டும். போனில் சொன்னார். அப்போதுதான் கேள்வித்தாளில் நான் இழுத்த கோடுகள் ஞாபகம் வந்தன. அவருக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். “கடைசிக் கேள்விய ஒழுங்காத் திருத்தல டீச்சர். அம்புட்டுச் சொல்லிருக்கேன். பேப்பர் நகல் கேட்டு எழுதிப் போட்டுருக்கேன்.”

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, விடைத்தாள் நகல் வந்த கவரோடு ஆபீஸுக்கு வந்தார். இன்னும் பிரிக்கவே இல்லை. “நீங்க எழுதினது, நீங்களே வாசிங்க. எங்க கொறச்சுட்டாங்கன்னு பாத்து, மறுபடி திருத்தச் சொல்லி எழுதிப்போடணும்.”

அவர் அன்று சொன்னதில் பாதி எனக்கு நினைவிருந்தது. தாளில் இருப்பதுபோலவே அதை வாசித்துவிட முடியும். வாசித்தால் என் மானம் தப்பும், அவர் அதை நம்பி இன்னும் மூன்று மாதம் காத்திருப்பார். பிரித்தேன். குதிரைவீரர்கள், விருந்து, ஹிர்பா என்று வாசித்துக்கொண்டே வந்தேன். என் சொந்த வரியையும் வாசித்தேன்.

“ம். அப்புறம்?”

“அதோட முடிஞ்சிருச்சு பாய்.”

“இல்லையே, நான் அதுக்கப்புறம்தான...”

சொல்லிவிட்டேன். கேள்வித்தாளில் கோடு இழுத்தது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய் முகத்தை மேசைப் பக்கமாகவே வைத்துக்கொண்டிருந்தார். அப்படியே கேட்டார்.

“கை வலிச்சுச்சா?”

“ஆமா பாய்.”

“சொல்லிருந்தா செத்த நேரம் நிறுத்திருப்பேனே டீச்சர். டைம்தான் இருந்துச்சே.”

நேரம் இருந்தது. அன்று பரீட்சையின் கடைசி இருபத்தைந்து நிமிடமும் நாங்கள் இரண்டு பேரும் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.