சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணிக்கும் மனுஷருக்கும் ஒரே தராசுதான். ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்பு மூட்டைகளை எடைபோடுகிற இரும்பு மேடைத் தராசு. வருஷத்துக்கு ஒரு நாள் ஆரோக்கிய தினம் என்று சொல்லி, அதே மேடையில் வேலைக்காரர்களை வரிசையாக ஏற்றுவார்கள். தராசின் முகக் கண்ணாடியில் மேற்பார்வையாளர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். முள் கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். தாண்டாவிட்டால் முதுகில் ஒரு தட்டு, கையில் ஒரு பழம், போகலாம். நெட்டையா குட்டையா, வயசென்ன, அப்பன் எப்படிச் செத்தான், ஒரு கேள்வி கிடையாது. முள்ளுக்கு அவ்வளவு அறிவு!

இஸ்திரி அக்காவுக்கு வருஷா வருஷம் முள் தாண்டும். பத்து வயதிலேயே குண்டு அவள். உருளை இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் பகல் முழுக்க ஆவியில் நின்று ஈர விரிப்புகளை விளிம்பு பிடித்து உள்ளே விடுகிற வேலை. வியர்வையாகவே பாதி உடம்பு கரைந்திருக்க வேண்டும், கரையவில்லை. அவள் தராசில் கால் வைக்கும்போதே மேற்பார்வையாளர், "பெரிய மூட்டை வருது, தராசு பத்திரம்" என்பார். கூடமே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்று அதற்கும் ஒரு பட்டம் கட்டுவார்கள்.

அடுத்து ஏறுகிறவன் அவளுடைய தம்பி. துணி வண்டியை மாடிக்கு மாடி ஏற்றுகிறவன், எல்லோரும் அவனைக் கூப்பிடுவது ஒல்லி என்றுதான். முள் பாதி தூரம்கூடப் போகாது. "ஒரே வயித்துல பொறந்ததுங்க, பாருங்க" என்று மேற்பார்வையாளர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவார். ஒரு வருஷம் ஒல்லியைப் படம் பிடித்து, தராசுக்கு மேலே சுவரில் மாட்டி, கீழே 'இவரைப் போல் இருங்கள்' என்று எழுதியும் வைத்தார்கள்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். தபால் பை சுமந்த அப்பாவுக்குக் குதிகாலுக்கு மேலே நரம்பு கயிறு மாதிரி தடித்துப் புடைத்திருக்கும். அப்பாவின் அண்ணனுக்கும் அப்படித்தான். எங்க வீட்டுக் குதிகால், ஓட ஆரம்பித்தால் குதிரைகூடத் தோற்கும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஒல்லிக்கு வயது ஏற ஏற அதே குதிகால் வந்தது. அக்காவுக்கு வரவில்லை, மழமழவென்று இருந்தது. "சோம்பேறிக் குதிகால்" என்று அதற்கும் கேலி. அவ்வளவு பேர்போன குதிகாலை வைத்துக்கொண்டு அப்பா நாற்பத்து மூன்று வயதில் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். கண்ணேறு என்றார்கள், உழைப்பு என்றார்கள். குதிகாலை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அக்காவின் தட்டை மட்டும் சந்தேகப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சாப்பிடும்போது அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டால் ஒல்லியின் மனைவி கரண்டியையே பார்ப்பாள். தம்பி மட்டும்தான், "போட்டுக்க அக்கா, உன் வயிறு, உன் சோறு" என்று தானே பரிமாறுவான். ரத்தப் பரிசோதனை முடிவு ஒவ்வொரு வருஷமும் சுத்தமாகத்தான் வரும். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. "இந்தத் தடவை தப்பிச்சுட்ட" என்பார் மேற்பார்வையாளர், திருடியைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாத வருத்தத்தோடு.

ஒரு காலையில் ஒல்லி துணி வண்டியைப் பிடித்தபடியே சரிந்தான். அக்கா ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்தொரு வயது. ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். சாவு வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்: "போக வேண்டியது உக்காந்திருக்கு, இருக்க வேண்டியது போயிடுச்சு." வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவனுக்குத் தன் கையில் வேல் இருப்பதே தெரிவதில்லை.

அழுது முடிந்ததும் வந்தது ஆத்திரம். தன் பழைய ரத்த முடிவுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ஒரு டாக்டரம்மாவிடம் போய் மேஜைமேல் போட்டு, "நான் ஏன் இருக்கேன், அவன் ஏன் போனான்? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். டாக்டரம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டார், பெரியப்பாவைப் பற்றிக் கேட்டார். பிறகு, குதிகாலுக்கு மேலே தடிப்பு இருந்ததா என்று கேட்டார். அக்கா குனிந்து தன் மழமழக் குதிகாலைப் பார்த்தாள்.

ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பைக் கல்லீரல் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். சில குடும்பங்களில் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம், அந்த வேலை பிறந்ததிலிருந்தே பாதிதான் நடக்கும். மிச்சக் கொழுப்பு இதயக் குழாயில் படியும், குதிகால் நாரிலும் படியும். ஒல்லியாக இருப்பதால் அது போய்விடாது, சோற்றைக் குறைத்தாலும் முழுசாகத் தீராது. இதையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார். எடைக்குச் சம்பந்தமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் எடையும் ஒரு காரணம்தான், ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு உள்ளே இரண்டு விதமாக இருக்கும், அதைத் தராசு காட்டாது என்றார். கடைசியில், "உங்களுக்கு அது வரல. தம்பிக்கு வந்திருக்கணும். அவருக்குப் பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரையிலயே கட்டுப்படுத்தலாம்" என்றார்.

மாத்திரை! ஒரு மாத்திரையில் அடங்கியிருக்கும் சங்கதிக்கு, பழத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஒல்லிக்கு ஒரே மகள். இருபத்தொரு வயது, அப்பனை உரித்து வைத்த ஒல்லி. அப்பன் இடத்துக்கு அவளை வேலைக்கு எடுத்து, இஸ்திரி இயந்திரத்தில் விட்டிருந்தார்கள். அத்தை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தால் இவள் மறுமுனையைப் பிடிப்பாள். அக்கா நேரே தம்பி மனைவியிடம் போய், பெண்ணுக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடலாம் என்றாள். அவள் சீறினாள். பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நோய்க்காரி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா என்றாள். அதோடு விட்டாளா? "உங்க உடம்பை முதல்ல பாருங்க அண்ணி. என் பொண்ணு கொடி மாதிரி இருக்கா." பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மருமகளிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே விளிம்பை உள்ளே விட்டாள். பிறகு, "அம்மா வேணாம்னு சொன்னப்புறம் நானா எப்படிப் போறது அத்தை? ஆரோக்கிய தினத்துல எல்லாரோடயும் எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா எனக்குத்தான் முள்ளு தாண்டாதே" என்றாள்.

ஆரோக்கிய தினம் வந்தது. சுவரில் ஒல்லியின் படம் அப்படியே இருந்தது. செத்து இத்தனை மாசமாகியும் 'இவரைப் போல் இருங்கள்' என்ற எழுத்தை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா மேடையில் ஏறினாள். பெரிய மூட்டை வந்தாச்சு என்றார் மேற்பார்வையாளர். முள் கோட்டைத் தாண்டி நின்றது. அக்கா இறங்கவில்லை. வரிசையில் நின்ற மருமகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். பிறகு தானே வந்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினாள். முள் இன்னும் தள்ளிப் போய் ஆடியது.

ஒவ்வொருத்தராகத்தான் ஏற வேண்டும் என்றார் மேற்பார்வையாளர்.

"மூட்டைன்னு கூப்பிட்டது நீங்கதானே? மூட்டையை என்னைக்குத் தனித்தனியா எடை போட்டிருக்கீங்க? ரெண்டும் கோட்டைத் தாண்டியாச்சு. ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுங்க."

விளையாட இது நேரமில்லை, இறங்கு என்றார் அவர்.

"விளையாட்டா? இவ அப்பன் இதே தராசுல வருஷா வருஷம் ஏறினான். உங்க முள்ளு அவன் கையில பழத்தைக் குடுத்து அனுப்பிச்சுது. இவளுக்கும் பழமா? எடுக்கற வரைக்கும் நாங்க இறங்க மாட்டோம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்க வந்திருந்த நர்ஸ் யாரையும் கேட்காமல் இரண்டு குழாய்களை எடுத்துவைத்தாள். அதற்கப்புறம் மேற்பார்வையாளரால் என்ன செய்ய முடியும்? இரண்டு பேரும் இறங்கிப் போய்க் கையை நீட்டினார்கள்.

அக்காவுக்கு வழக்கம்போல் சுத்தம். அந்தக் கொடி மாதிரிப் பெண்ணுக்குக் கொழுப்பு இருக்க வேண்டியதைப்போல் இரண்டு பங்குக்கு மேல். டாக்டரம்மா அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்தார். வரன் பேசியவர்களிடம் பெண்ணே போய், தினம் மாத்திரை சாப்பிடுகிறேன், சம்மதமென்றால் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் யோசிக்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி அக்கா வீட்டுக்கு வந்தாள். சமையல் முடிந்திருந்தது. அக்கா தட்டை வைத்து உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை, கரண்டியை வாங்கி அக்காவின் தட்டில் சோற்றைப் போட்டாள், மறுபடியும் போட்டாள். கரண்டி கையிலேயே நின்றது.

"அவருக்கு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்திருந்தா, அண்ணி?"

அக்காவுக்குப் பொய் சொல்லத்தான் ஆசை. வாய் வரவில்லை.

"இந்நேரம் அவன்தான் எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருப்பான்" என்றாள்.