நுனியை வெட்டினால் வளரும்

1. வெள்ளிக்கிழமைக்குள்

தொட்டிகளை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று துறைத் தலைவர் சொன்னபோது, என் ஜீப்ரா மீன்களுக்கு இதயம் பாதிகூட ஆறியிருக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். இந்த மீனின் இதயத்தில் நுனியை வெட்டினால் இரண்டு மாதத்தில் தழும்பில்லாமல் திரும்ப வளர்ந்துவிடும் என்று வெளிநாட்டில் செய்து காட்டியிருந்தார்கள். நம் நாட்டு ஓடைகளில் ஓடுகிற மீன்தானே, நான் ஏன் செய்யக் கூடாது என்று தோன்றியது. மீன் வளர்ப்புக் கடையில் வாங்கினேன். மயக்கத்துக்குக் கிராம்புத் தைலம். நனைத்த ஸ்பாஞ்சில் கீறல் போட்டு, மீனை மல்லாத்திப் படுக்கவைத்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் நெஞ்சைத் திறந்து ஒரு துளி வெட்டுவேன். பிறகு செவுளில் இங்க் பில்லரால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் செய்தவை எல்லாம் செத்தன. கை பழகியபின் பிழைக்கத் தொடங்கின.

அப்போதுதான் எங்கள் அறை கம்ப்யூட்டர் லேப் ஆகப்போகிறது என்று உத்தரவு வந்தது. தலைவர் பாறசாலைப் பக்கத்துத் தமிழர், பாதி மலையாளம் கலந்து பேசுவார்.

“டீச்சரே, மீனுக்கு ஹார்ட்டு வளந்தா நமக்கு எந்தா? பிள்ளையளுக்கு கம்ப்யூட்டர் வேணும்.”

“ஒன்றரை மாசம் பொறுங்க சார். பாதியில நிறுத்தினா இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீண்.”

“வெள்ளிக்கிழமை ஏசி மாட்ட ஆளு வரும். பறஞ்சாச்சு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றே ஆட்டோ பிடித்துத் தொட்டிகளை ஏற்றினேன்.

2. ரேழியில் மீன்

வீடு கரமனை அக்கிரகாரத்தில். முட்டை வாசனைகூட அறியாத தெரு. மாமியார் வாசலிலேயே மறித்தார்.

“என்னவாக்கும் இது?”

“மீன்மா.”

“தெரியறது. ஆத்துக்குள்ள எதுக்காக்கும்?”

“நெஞ்சை அறுத்து வெச்சிருக்கேன். வெட்டின இடம் வளர்றதான்னு பாக்கணும். காலேஜ்ல எடம் இல்லைன்னுட்டா.”

குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். மாமனார் மாரடைப்பில் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“நமக்கு மாத்திரம் ஏன் வளர மாட்டேங்கறது?”

“அது தெரியறதுக்குத்தான் அறுக்கறேன்.”

“வாசல் ரேழில வை. அடுக்களைப் பக்கம் வரப்படாது.”

தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை, கரண்ட் போய்த் தொட்டியின் காற்று பம்ப் நின்றால் எனக்குக் குரல் கொடுப்பார். இரண்டு மாதம் முடிந்ததும் ஒரு மீனைக் கொன்றுதான் அதன் இதயத்தை ஸ்லைடு போட வேண்டும். அதையும் அவரிடம் மறைக்கவில்லை. அன்று அவர் இன்னொரு முறை தலைக்குக் குளித்தார்.

3. தலைவர் மேசையில்

அந்த ஸ்லைடோடு மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“வெட்டின எடம் எவிட டீச்சரே? தழும்பு ஒண்ணும் காணலியே.”

“நீங்களே தேடுங்க சார்.”

மறுபடி பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “சங்கதி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா ரூம் இனி கெடைக்காது, கேட்டியளா?”

“ரூம் வேண்டாம். ஏசியில என் மீனுக்குக் குளிரும். உங்க அலமாரிப் பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட் இருக்கு, அது போதும்.”

அவர் சரி என்று சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் தொட்டி அங்கே இருந்தது. அதன்பின் தலைவர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் அது யாருடையது என்று கேட்டார்கள். துறையுடையது என்றேன். நான் ஓய்வு பெறும்வரை ஒருவரும் அதை நகர்த்தவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மீனின் இதயத்தில் நுனியை வெட்டினால் வளரும், பாதியை வெட்டினால் செத்துப்போகும். உங்கள் வேலையை வெட்ட யாராவது கத்தரிக்கோலோடு வந்தால் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். நுனி என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி என்றால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடியுங்கள்.