கொல்லிமலைக்கு ஏறிய வெந்நீர்த் தொட்டி

சேலத்தில் வெந்நீர்த் தொட்டி விற்கிறவரே, நீங்கள் என் பெற்றோரை ஏமாற்றிவிட்டீர்கள். ஒரு கனடாக்காரர் விற்றிருந்தால் விட்டிருப்பேன். அவருக்கு நம் குளியல் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இங்கே எட்மன்டனில் முழங்கால் அளவு பனி கிடக்கும்போதும் ஜனங்கள் வீட்டுக்குப் பின்னால் வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாட் டப் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் முதல்முறை என்னை அழைத்தபோது, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னார். குளிப்பதற்கு முன்னால் ஒரு குளியலா? என்னை அழுக்கன் என்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அது குளிக்கிற தண்ணீரே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. மாதக்கணக்கில் அதே தண்ணீர்தான். உடம்பில் இருக்கும் எதுவும் அதில் கரையக் கூடாது. கிடங்கில் பெட்டி தூக்கி நொந்த என் முதுகு அதில் உட்கார்ந்ததும் இளகியது. நானும் ஒன்று வாங்கினேன். உடனே அப்பாவின் ஞாபகம்.

கொல்லிமலையின் பைல் நாட்டில் மிளகு பறிக்க ஏணி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவர் அப்பா. அவருக்காக உங்களிடம் ஒரு தொட்டி வாங்கினேன். லாரி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தது. "தண்ணியே மாத்த வேண்டாங்கம்மா, குளோரின் பவுடர் போட்டாப் போதும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டீர்கள்.

அம்மா விளக்கெண்ணெயைச் சூடாக்கி, அப்பாவின் கால்களில் அழுத்தித் தேய்த்து, ஊறவைத்து, தொட்டியில் இறக்கினார். வலிக்கிற காலை எண்ணெய் தேய்க்காமல் யாராவது வெந்நீரில் வைப்பார்களா? உங்கள் வீட்டில் வைப்பார்களா? அப்பா அன்று யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்தார். "காலு பஞ்சாட்டம் இருக்குது கண்ணு" என்றார் போனில்.

சில நாளில் தொட்டி நுரைத்தது. வடிகட்டி எண்ணெயில் அடைத்துக்கொண்டது. அம்மா உங்களைக் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு மூடி பவுடர் போடுங்க" என்றீர்கள். போட்டார். அப்பாவுக்குக் கண் எரிந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பி, அப்பாவை மறுபடி எண்ணெயோடு இறக்கினார். திறந்துவிட்ட தண்ணீர் சரிவில் ஓடி ஊற்றில் கலந்தது. கீழ்வீட்டு அத்தை குடும்பத்துக்குக் குடிதண்ணீர் அந்த ஊற்றுதான்.

அப்பாவின் தங்கை அவர். மேலேறி வந்து நின்றதைப் போனில் பார்த்தேன்.

"ஏனுங்கண்ணா, பணம்தான் அனுப்புறான்னு நெனச்சேன். காலு கழுவுன தண்ணியும் குடிக்க அனுப்புறானா உங்க மகன்?"

"பவுடர் போட்ட தண்ணிதான் அத்தை" என்றேன்.

"அப்ப நீயே வந்து குடி சாமி."

அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "இனி உடமாட்டேன் ஆத்தா" என்றார்.

அதிலிருந்து அவர் தொட்டியில் இறங்கவில்லை. நிரப்பிய தண்ணீர் பச்சையாகி நாறுகிறது. அப்பா மறுபடி சுவரைப் பிடித்து நடக்கிறார். இங்கே என் தொட்டியைக் காலி செய்ய ஒரு குழாயைச் சாக்கடையில் விட்டால் போதும். அது எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லை. எங்கள் மலையில் எங்கே ஊற்றினாலும் கீழே ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கிறது. நான் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, போனில் இன்னொரு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

விற்றவரே, அந்தத் தண்ணீரை எங்கே விடுவது? அம்மாவிடம் போனில் சொல்ல வேண்டாம். என் கடிதம் வரும் இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, என் அத்தை படிக்கும்படி எழுதுங்கள்.