அன்பின் முன்னால் சட்டையில்லாமல்

பிள்ளைகளே, விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றையும் மறைக்கல்வி வகுப்பில் படமாக வரைந்து வரச் சொன்னார்கள் என்று தரையெல்லாம் கலர்ப் பென்சிலைப் பரப்பி வைத்திருக்கிறீர்கள். உங்களில் மூத்தவள் அன்புக்கு வெள்ளைக் கவுன் போட்டு, கையில் கூடை கொடுத்து, எதிரே ஓர் ஏழைப் பையனை நிறுத்தியிருக்கிறாள். அவனுக்குச் சட்டை இல்லை. ஏன் என்று கேட்டால், "ஏழைன்னு தெரிய வேணாமாப்பா?" என்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது உன்மேல் இல்லை மகளே. யார்மேல் என்று சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். மலேசியாவில் கோப்பெங் ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டினார்கள். கிறிஸ்மஸுக்கு டவுன் கோயில் மண்டபத்தில் நாடகம். ஈப்போவிலிருந்து ஒரு டீச்சர் வந்து பழக்கினார். சிலுவையோடு வரும் விசுவாசம், நங்கூரத்தோடு வரும் நம்பிக்கை, ரொட்டிக் கூடையோடு வரும் அன்பு, மூன்றும் டவுன் பிள்ளைகள். ரொட்டி வாங்கும் ஏழைகள் ஆறு பேர். ஆறும் எங்கள் லயம்.

"எஸ்டேட் பிள்ளைங்க பழைய சட்டையே போட்டுட்டு வாங்க லா. கிழிஞ்சிருந்தா இன்னும் நல்லது" என்றார் டீச்சர்.

வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தேன். நாடகம்தானே, விடு என்றார் அப்பா. அவர் எதையும் விடச் சொல்லும் மனிதர். அம்மா விடவில்லை.

"நாடகம்னா, நம்ம புள்ளைங்க கூடை தூக்கட்டுமே. அவங்க புள்ளைங்க கையேந்தட்டுமே."

நாடகத்தன்று எனக்குக் கிறிஸ்மஸுக்குத் தைத்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டி அனுப்பினார்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மன்னிக்கலாம். "ஐயோ, சூப்பரா இருக்கியே" என்று கொஞ்சிக்கொண்டே பொத்தான்களைக் கழற்றி, சட்டையை உருவி, கன்னத்தில் கரியைத் தடவினார். சட்டையைச் சுருட்டி, எட்டிப் பார்க்க வந்த அப்பாவிடம், "கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று கொடுத்தார். அப்பாவும் அதை வாங்கிக்கொண்டு போய் மடியில் வைத்தபடி உட்கார்ந்துகொண்டார்.

திரை விலகியது. வெள்ளைக் கவுன் ரொட்டியை நீட்டியது. நான் வெற்று மார்போடு முட்டி போட்டிருந்தேன். குளிரவில்லை, வெட்கமும் இல்லை. ரொட்டியில் தேங்காய்ப்பூ இருக்குமா என்பதுதான் என் கவலை.

அப்போது முன்வரிசையில் சலசலப்பு. அப்பாவின் மடியிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு அம்மா வந்துகொண்டிருந்தார். படி பக்கவாட்டில் இருந்தது; அதைத் தேடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை ஊன்றி, நேரே முன்பக்கமாகவே மேடையில் ஏறிவிட்டார். கூடைக்காரி வசனத்தை மறந்து வாயைப் பிளந்து நின்றாள்.

"கையத் தூக்குயா" என்றார் அம்மா.

தூக்கினேன். சட்டையை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். முந்தானையால் கரியைத் துடைத்தார்.

மண்டபமே கைதட்டியது. நாடகத்தில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணக்கம் போட்டேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசியில் பேசிய ஃபாதர், ஆடையில்லாதவனுக்கு ஓர் ஏழைத் தாய் ஆடை உடுத்திய காட்சிதான் மனதைத் தொட்டது என்றார். டீச்சர் சிரித்தபடி போய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார். அந்தக் காட்சி தான் வைத்ததில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்குத் திரும்பும் வேனில், அடுத்த வருஷமும் நடிப்பியா என்று அம்மாவைக் கேட்டேன். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நன்றாக நடித்தவர்களுக்கு ஏன் அழுகை வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் ஏர்கான் பழுது பார்க்கப் போனேன். அந்தக் கோயில் மண்டபம் திறந்து கிடந்தது, ஆளில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா ஏறிய மாதிரியே மேடையின் முன்பக்கமாக ஏறப் பார்த்தேன். மேடை இப்போதும் என் நெஞ்சு உயரம். முதல் தடவை வழுக்கி விழுந்தேன். மறுபடியும் கையை ஊன்றினேன்.