எழுப்பிவிடுகிறேன் என்று சொன்னது

செஞ்சியில் என்னை யாரும் வெறும் டாக்டர் என்று சொல்வதில்லை. மயக்க டாக்டர். மேல்படிப்பு முடித்து ஊர் வந்த அன்று என் நைனாவே, "இவ்ளோ படிச்சிட்டு தூங்கத்தான் வெக்கப்போறியா? அதுக்கு எங்க கூட்டுறவு சொசைட்டி மீட்டிங்கே போதுமே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தூங்க வைப்பது என்ன பிரமாதம், எழுப்புவதுதான் வேலை என்று அவரோடு சண்டை போட்டேன். அதிலிருந்துதான் ஆபரேஷன் மேஜையில் படுப்பவர்களிடமெல்லாம் ஒன்றைச் சொல்லும் பழக்கம் வந்தது என்று நினைக்கிறேன். "பயப்படாம தூங்குங்க, நான் எழுப்பிவிடறேன்."

கொரோனா வந்த முதல் வருஷம், நான் வேலை பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்கள் பெரும்பாலும் நின்றுபோயின. மயக்க டாக்டர்கள் எல்லோரும், மூச்சுத் திணறுகிறவர்களுக்குத் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்கிறவர்கள் ஆனோம். குழாய் போடும்போது நோயாளியின் மூச்சு நேராக நம் முகத்தில் அடிக்கும். எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு ஒரு வழி வந்தது: நோயாளியின் தலைமேல் கவிழ்க்கிற பிளாஸ்டிக் பெட்டி, கை நுழைக்க இரண்டு ஓட்டையோடு. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, கடைவீதியில் ஸ்வீட் ஸ்டால்களுக்கு ஷோகேஸ் செய்து கொடுப்பவரிடம் போனேன். ஊரடங்கில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"லட்டு வெக்கிற எடத்துல தல. அவ்ளோதானே டாக்டரம்மா?" என்றார். அளவு டேப்பால் என் தலையையே அளந்துகொண்டார். இரண்டே நாளில் பெட்டி தயார். கையைக் கிழிக்கக் கூடாதென்று ஓட்டைகளின் விளிம்பை வழவழவென்று தேய்த்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து அவரே எங்கள் வார்டில் படுத்திருந்தார். ஆக்சிஜன் அளவு பயப்படுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. மனிதரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். "மூச்சு நல்லாத்தான் இருக்குது டாக்டரம்மா. காலைல நாலு இட்லி சாப்டேன். ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாமே."

அப்போது எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆலோசனை எல்லாம் காத்திருக்காதே, சீக்கிரம் குழாய் போடு என்பதுதான். நானும் அதை நம்பினேன். "பொறுத்தா கைமீறிப் போயிடும் அண்ணே" என்றேன். அவர் மகளுக்குப் போன் போட்டு, "டாக்டரம்மா எழுப்பிவிட்டுடுவாங்க, நீ அழாம சாப்டு" என்றார். பெட்டியைக் கவிழ்த்ததும் உள்ளிருந்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இங்க இன்னும் கொஞ்சம் தேச்சிருக்கலாம்" என்றார். கவச உடைக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். இடையில் ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் ஆலோசனை மாறியது. பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு அவசரப்பட்டுக் குழாய் போடாதீர்கள், ஆக்சிஜன் கொடுத்துக் குப்புறப் படுக்க வையுங்கள், முடிந்தவரை பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். அந்தப் பெட்டியும் கைக்கு இடைஞ்சல், நினைத்த அளவு பாதுகாப்பும் இல்லை என்று வந்தது. இரண்டையும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் படித்தேன். செஞ்சியில் இறங்கியும் கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. யாரையாவது திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. யாரைத் திட்ட? அன்று தெரிந்ததை அன்று சொன்னார்கள். ஆனால் அந்த மனிதர் இரண்டு நாள் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றவள் நான். அதற்குப் பிறகு வந்தவர்களைக் குப்புறப் போட்டோம், பொறுத்தோம். சிலர் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் சந்தோஷமாகவும் இருந்தது, அவர் கேட்ட இரண்டு நாள் நினைவுக்கும் வந்தது. எழுப்பிவிடுகிறேன் என்பதை யாரிடமும் சொல்வதில்லை என்று நிறுத்திவிட்டேன்.

போன வருஷம் அந்த ஷோகேஸ்காரரின் மகள் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவளைப் பரிசோதிக்கப் போனேன். "நீங்கதான் மயக்கம் குடுக்குறீங்கன்னு சொன்னாங்க. அப்புறம் எனக்கு டென்ஷனே இல்ல டாக்டர். நைனா உங்கள அவ்ளோ நம்பினாரு" என்றாள்.

இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. அவர் இரண்டு நாள் கேட்டது, நான் மறுத்தது, பிற்பாடு ஆலோசனை மாறியது எல்லாவற்றையும் சொன்னேன்.

வளையலைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"குழாய் போட்டிருக்க மாட்டேன். பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா அந்த ரெண்டு நாளைக் குடுத்திருப்பேன்."

வளையலை விட்டுவிட்டுப் போர்வையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "அப்ப இன்னா தெரியுமோ அதத்தானே செஞ்சீங்க. விடுங்க டாக்டர்" என்றாள். நாளைக்கு வேறு டாக்டரை ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டேன். "வேணாம், நீங்களே வாங்க."

மறுநாள் காலை மேஜையில் படுத்து என் முகத்தையே பார்த்தாள். காலையில் தண்ணீர் எதுவும் குடிக்கவில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டு மருந்தை ஏற்றினேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொண்டையிலிருந்த குழாயை எடுத்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பாதிக் கண் திறந்தாள். தெளிவாகத்தான் கேட்டாள்.

"எங்க நைனாவ ஏன் எழுப்பல?"

"உளர்றாங்க மேடம்" என்றாள் நர்ஸ். மேஜையில் இருந்தவள் மறுபடி கண் மூடிவிட்டாள். அரை மயக்கத்தில் பேசுவது பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நினைவிருக்காது.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகத்தில் தெம்பு வந்திருந்தது.

"மயக்கத்துல ஏதாவது உளறினேனா டாக்டர்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"இல்லம்மா" என்றேன்.