பார்த்துட்டுச் சொல்றேன்

வைதேகியின் கணவர் பிரபாகர் இறந்து மாதம் ஒன்று கடந்தபின், அவர் பெயரில் ஒரு பதில் போனது.

அவருடைய கைப்பேசியை அணைத்துவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. உட்லண்ட்ஸ் வீட்டின் அலமாரி மேல் சார்ஜில் போட்டே வைத்திருந்தாள். அன்று சாயந்திரம் பல் மருத்துவமனை கவுன்டர் வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது அது சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். முன்பின் தெரியாத யாருக்கோ பிரபாகர் எழுதியிருந்தார்: "வாங்க வாங்க. முதல் தடவை வந்திருக்கீங்க. சின்னத் திருத்தம்னு தயங்க வேண்டாம். பார்த்துட்டுச் சொல்றேன்."

தேதி அன்றைய தேதிதான். கழுநீர் விரல்களிலிருந்து சொட்ட, நின்ற இடத்திலேயே நின்றாள்.

கண் தெரியாதவர்களுக்குத் திரையில் உள்ள தமிழை வாசித்துச் சொல்லும் 'செவிவழி' என்ற மென்பொருளைப் பிரபாகர் தொடங்கியிருந்தார். ஓப்பன் சோர்ஸ். காசு கிடையாது, உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். பிரபாகர் ஒருவர், கேலாங்கில் இருக்கும் அவருடைய நண்பர் அப்துல் கையூம் இன்னொருவர்.

கையூமைத்தான் கூப்பிட்டாள். அது பிரபாகர் எப்போதோ எழுதிவைத்த தானியங்கிப் பதில் என்றார் அவர். முதல்முறை திருத்தம் அனுப்புகிறவர் யாரானாலும் போகும். நிறுத்திவிடவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அதே நினைப்பு. ஊர் பேர் தெரியாதவர்களை எல்லாம் வாங்க என்கிறார். என்னைச் சொல்ல மாட்டாரா?

புரோகிராம் எழுத அவளுக்குத் தெரியாது. உதவிப் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பங்களிப்புதான் என்று கையூம் சொல்லிக்கொடுத்தார். பக்கத்தின் நகலை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் திருத்த வேண்டும், என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அவள் தேடினாள். 'பச்சைப் பொத்தானை அழுதவும்' என்று எழுதிவைத்திருந்தார் பிரபாகர். அவர் போன பிறகு வைதேகி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். விட்டுப்போன எழுத்தைச் சேர்த்து அனுப்பினாள்.

மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. வாங்க வாங்க, முதல் தடவை வந்திருக்கீங்க. வீட்டில் வாடி போடி என்றவர், யாரோ எவரோ என்பதுபோல் மரியாதையாகக் கூப்பிட்டார். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாவது திருத்தத்துக்குப் பதில் வரவில்லை. அவளை அவருக்கு இப்போது தெரியும் அல்லவா? அதனால் வேறு பெயரில் போனாள். வடிவேலு என்று. பிறகு ரத்தினம்மா, தாரணி. ஒவ்வொருவரும் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தார்கள். ஒவ்வொருவரையும் அவர் வரவேற்றார். ரயிலில் நின்றபடி அனுப்பினாள், சாப்பாட்டு நேரத்தில் அனுப்பினாள். வெட்கமாக இருந்தது, விடவும் முடியவில்லை.

அப்படி இருக்கும்போது சாதியா என்ற பெண்ணின் கேள்வி பிரபாகரின் கைப்பேசிக்கு வந்தது. அவள் கண் தெரியாதவள், செவிவழியை நம்பி பஸ் ஏறுகிறவள். பஸ் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை அது விழுங்கிவிடுகிறது, அதனால் ஒருநாள் தப்பான பஸ்ஸில் ஏறி எங்கேயோ போய் இறங்கினேன் என்று சொல்லி, தானே திருத்தம் எழுதி எப்போதோ அனுப்பியிருந்தாள். அதன் கீழே பிரபாகரின் வரவேற்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இப்போது எழுதியிருந்தாள்: "பார்த்துட்டுச் சொல்றேன்னீங்க. இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

நேரில் பார்க்க வேண்டும் என்று வைதேகி கையூமுக்குச் செய்தி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே கையூமைச் சந்தித்தாள். அவர் தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றிக்கொண்டே, "அண்ணி, அந்த வடிவேலு, ரத்தினம்மா..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்."

"தெரியும். எல்லாத்தையும் சேர்த்துக்கிட்டேன் லா. அந்தப் பதிலை நிறுத்த எனக்கும் கை வரல. அது வரும்போதெல்லாம் அவன் உள்ளதான் உட்கார்ந்திருக்கான்னு தோணும்."

சாதியாவின் திருத்தத்தையும் அவர் பார்த்தாராம். அந்தப் பகுதியில் பிரபாகரைத் தவிர யாரும் கை வைத்ததில்லை என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாராம்.

"அவர் இனிமே பார்க்க மாட்டார், கையூம்," என்றாள் வைதேகி. "அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா."

கையூம் மடிக்கணினியைத் திறந்தார். சாதியாவின் திருத்தத்தைப் போட்டு, ஆளுக்கொரு காதில் இயர்போனை வைத்துக் கேட்டார்கள். எண்ணும் எழுத்தும் முழுதாக வந்தன. சேர்த்துவிட்டார்.

பிறகு வைதேகி தன் சொந்தப் பெயரில் ஒரு திருத்தம் அனுப்பினாள். என்ன மாற்றம் என்ற இடத்தில், தானியங்கிப் பதிலை நீக்கியிருக்கிறேன் என்று எழுதினாள். ஏன் என்ற இடத்தில் விரல் நின்றது. 'எழுதியவர் இப்போது இல்லை' என்று தட்டினாள். ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்த வேண்டியவர் கையூம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். அப்புறம் அழுத்தினார்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வைதேகியேதான் பதில் எழுதுகிறாள். 'வாங்க' என்று தட்டியதுமே அடுத்த வார்த்தைகள் அவருடைய குரலில் வந்து விரலைப் பிடித்துக்கொள்கின்றன. சில நாள் அவற்றைக் கடைசிவரை எழுதியும் விடுகிறாள். பிறகு ஓர் எழுத்து விடாமல் அழித்து, 'நாளைக்குள் பார்த்துவிடுகிறோம்' என்று எழுதி அனுப்புகிறாள்.